ஆறு மாடிக்குள் ஒரு அபிப்பிராயம்

அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட்காரருக்கு 'அபிப்பிராயம்' என்று பெயர் வைத்தது கேன்டீன்காரர். டாக்டரானாலும் சரி, தரை துடைக்கும் அம்மாவானாலும் சரி, உள்ளே கால் வைத்ததும் கேட்பது ஒன்றுதான்: "என்ன அபிப்பிராயம், இன்னிக்கு என்ன புக்கு?"

கேட்டவர் இறங்குவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். அதனால் பதினாறு வருஷத்தில் அவர் பேச்சு சுருங்கிப்போயிருந்தது. துப்பறியும் கதையா? "கொலைகாரன் யாருன்னு நாப்பதாவது பக்கத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போலீசுக்குத்தான் தெரியல." சமையல் புத்தகமா? "உப்பு தேவையான அளவாம். அது தெரிஞ்சா நான் ஏன் இதைப் புரட்டுறேன்?" யாரோ ஒரு தலைவரின் வரலாறு: "பொறந்ததுலேருந்து ஒரு தப்பும் பண்ணல. பயமா இருக்கு." பணக்காரர் ஆவது எப்படி: "எழுதினவர் ஆயிட்டார்." கவிதைக்கு மட்டும் ஒரு மாடி கூடுதலாக வேண்டும். "புரியல. ஆனா கீழ வைக்கவும் மனசு வரல." அகராதி என்றால் குரலில் மரியாதை வந்துவிடும். "கதை இல்லதான். சலிக்கவே இல்ல."

எல்லாம் நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது தலையணைக்கடியில் மறந்துவிட்டுப் போனவை. வார்டு ஆயா அள்ளிக்கொண்டுவந்து அவர் ஸ்டூலுக்கடியில் போடுவார். அரைப்பக்கம் போவதற்குள் மணி அடிக்கும். கம்பிக்கதவை இழு, மூடு, மேலே போ, கீழே வா. திரும்ப உட்கார்ந்தால் எந்த வரியில் விட்டோம் என்பது மறந்திருக்கும். போதாக்குறைக்கு, புது அட்டை ஒன்று கண்ணில் பட்டால் கை பரபரக்கும். "ஒரு வாய் வச்சுட்டு தட்டை மாத்துற ஆளு நீங்க. எதையாவது கடைசிவரைக்கும் படிச்சிருக்கீங்களா?" என்பாள் மனைவி. இல்லை. ஆனால் அது வீட்டோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது.

சர்வேயரின் மனைவிக்கும் தெரியாது. நெஞ்சில் ஆபரேஷனுக்காக நாலாவது மாடியில் படுத்திருந்தார் சர்வேயர்.

"அண்ணே, அவரு ரெண்டு நாளா சுவத்தையே பாத்துக்கிட்டு கிடக்குறாரு. படிக்க ஏதாச்சும் குடுங்களேன்."

ஸ்டூலுக்கடியிலிருந்து ஒரு தடித்த நாவலை உருவினார். அதில் வரும் படகுக்காரனுக்கும் நெஞ்சில்தான் கோளாறு. இருந்தும் ஆற்றோடு மல்லுக்கு நிற்பான். "தைரியம் குடுக்கிற புத்தகம்மா. கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்க."

மறுநாள் மத்தியானம் நாலாவது மாடி நர்ஸ் கீழே லிஃப்டில் ஏறியதுமே அவரைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? சர்வேயர் சாருக்குப் போயி அந்தப் படகுக்காரன் கதையைக் குடுத்திருக்கீங்க! கடைசியில அவன் ஆபரேஷன் மேஜையிலேயே செத்துடுவானே!"

"செத்துடுவானா?"

"என்ன என்னையக் கேக்குறீங்க? நீங்க படிச்சதுதானே!"

சர்வேயருக்கு ஆபரேஷன் மறுநாள் காலையில். நாலாவது மாடியில் லிஃப்டை அப்படியே திறந்து போட்டுவிட்டு வார்டுக்கு ஓடினார். சர்வேயர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புத்தகத்தில் வலது பக்கம் ஒரு விரல் தடிமன்கூட மிச்சமில்லை.

"சார், அந்தப் புத்தகம்... வேற ஒருத்தர் கேட்டாங்க."

"தர்றேன். இருபது பக்கம்தான்."

"அவசரமாம் சார். இதைப் பாருங்க, நல்ல சிரிப்புக் கதை."

"ஆத்துல வெள்ளம் வந்துக்கிட்டிருக்குங்க! இப்பப்போயி பிடுங்குறீங்களே!"

எல்லா மாடியிலும் மணி அலறியது. வாசலில் சூப்பர்வைசர். "லிஃப்டைத் தொறந்து போட்டுட்டு இங்க என்ன விருந்தா?" லிஃப்ட்காரர் சிரிப்புக் கதையைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். அன்று யார் என்ன புக்கு என்று கேட்டாலும் மாடி நம்பரைச் சொல்லிக் கதவைத் திறந்தார்.

காலையில் தள்ளுவண்டி வந்தது. படுத்திருந்த சர்வேயரின் முகம் லிஃப்ட்காரரின் இடுப்புக்கு நேராக இருந்தது. பக்கத்தில் மனைவி, கையில் அந்தப் புத்தகம். ஆபரேஷன் அறை ஆறாவது மாடியில்.

"முடிச்சுட்டேங்க," என்றார் சர்வேயர்.

லிஃப்ட்காரர் ஆறாவது மாடிப் பொத்தானை அமுக்கினார்.

"அவன் ஆபரேஷன்ல சாகணும்னு கதையில எங்கயும் ஒரு காரணமும் இல்ல. எழுதினவருக்கு முடிக்கத் தெரியல, ஆளைக் காலி பண்ணிட்டாரு. நீங்க எப்படிங்க இதைத் தைரியம் குடுக்கிறதுன்னு சொன்னீங்க?"

ஐந்தாவது மாடி கடந்தது.

"நான் கடைசிவரைக்கும் படிக்கல சார்."

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"நூத்தி நாப்பது பக்கம்."

சர்வேயர் யோசித்தார். "அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். கதவு திறந்தது. வண்டி போய்விட்டது.

அன்று லிஃப்ட் யார் எதை அமுக்கினாலும் ஆறாவது மாடிக்குப் போய்த்தான் திரும்பியது. "யோவ், நான் ரெண்டுல்ல சொன்னேன்!" என்று ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கத்தினார். லிஃப்ட்காரர் கம்பிக்கதவை இழுத்து எட்டிப் பார்த்தார். ஆபரேஷன் அறை வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது. எதிர்ப் பெஞ்சில் சர்வேயரின் மனைவி, மடியில் புத்தகத்தை விரித்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாவது பக்கம்மா?"

"தொண்ணூத்தாறு."

"நூத்தி நாப்பதோட நிறுத்திக்கோங்கம்மா," என்று சொல்லிக் கதவை மூடினார்.