மிஸ்டு காலுக்கு எதுக்கு பிளான்?

‘நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை.’

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு ஒரு பெண் குரல் என்னிடம் இதைச் சொன்னது. நான் அழைத்தது என் மனைவி செல்வியின் எண்ணை. செல்வி அப்போது குற்றாலத்தில், ஐந்தருவியில் இருந்தாள்.

சரி, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்தான் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்திருந்தது. ஐந்தருவி. தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்கிறது. விசில் சத்தம். ஈரத் துணியோடு ஜனங்கள் ஓடுகிறார்கள். இன்றைக்கு எடுத்ததா, போன வருஷத்து வீடியோவா? யாருக்குத் தெரியும்! பயந்தவன் தேதியா பார்ப்பான்?

மறுபடி அடித்தேன். அதே குரல். உபயோகத்தில் இல்லை.

அந்தக் குரலுக்குக் காரணம் நான்தான். அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

செல்வி போனில் பேசுகிற ஆள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. இரண்டு ரிங் விட்டு கட் பண்ணினால், ‘நல்லபடியாக வந்து சேர்ந்தேன்’. மூன்று ரிங் என்றால், ‘வந்து கூட்டிப் போங்க’. நான் எடுக்கவே கூடாது. எடுத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் எனக்குத் திட்டு. இன்றைக்கு எல்லா பிளானிலும் பேச்சு அன்லிமிடெட்தான். இருந்தாலும் மேலகரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் மிஸ்டு கால் சாகவில்லை.

போன மாதம் ரீசார்ஜ் செய்ய ஆப்பைத் திறந்தேன். ‘உங்கள் உபயோகத்துக்குத் தகுந்த பிளானைத் தேர்ந்தெடுங்கள்’ என்றது. பெரிய புத்திசாலி மாதிரி யோசித்தேன். செல்வியின் உபயோகம் என்ன? சமையல் வீடியோ, கோலம் வீடியோ. பேச்சு? கிடையாது. மிஸ்டு காலுக்கு எதுக்கு பிளான்? அதைத்தான் யாரும் எடுக்கப் போவதே இல்லையே! வெறும் டேட்டா பேக் ஒன்றைப் போட்டுவிட்டு, பழைய பிளானைத் தீர்ந்துபோக விட்டேன்.

அடிப்படை பிளான் உயிரோடு இருந்தால்தான் அந்த டேட்டா பேக்கும் ஓடும் என்பது எனக்குத் தெரியாது. முதலில் வெளியே போகிற கால் நின்றது. சில நாள் கழித்து உள்ளே வருகிற காலும் நின்றது. வீட்டில் வைஃபை இருக்கிறதா... வீடியோ ஓடியது, வாட்ஸ்அப் ஓடியது. அந்த நாட்களில் அவள் தனியாகத் தூரமாக எங்கும் போகவும் இல்லை; இரண்டு பேருமே கவனிக்கவில்லை. வாசற்படியைத் தாண்டினால் அந்த போன் வெறும் டார்ச் லைட்.

அந்த டார்ச் லைட்டோடுதான் அவள் காலையில் தன் மதினியுடன் குளிக்கப் போயிருந்தாள்.

மதினிக்கு அடித்தேன். எடுத்தது வடகரையில் இருக்கும் செல்வியின் அண்ணன். “போன் இங்கன பெட்டி மேலதான் கெடக்கு மாப்ள. நனைஞ்சிரும்னு வச்சிட்டுப் போயிட்டா. ஏன், என்ன விஷயம்?” என்றார். ஒன்றுமில்லை மச்சான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவரையும் சேர்த்து ஏன் கலங்க வைக்க வேண்டும்?

பைக்கை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பினேன். சாரலில் கண்ணாடி நனைந்து ரோடே மங்கலாகத் தெரிந்தது. குற்றாலநாதா, குற்றாலநாதா என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. காலையில் அவள் கிளம்பும்போது, ‘எண்ணெய் நிறைய வைக்காதே, சளி பிடிக்கும்’ என்றேன். கடைசியாகப் பேசியது அதுதானா?

பாதி வழியில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவசரமாக ஓரம் கட்டினேன். எடுப்பதற்குள் நின்றுவிட்டது. பார்த்தால் தெரியாத நம்பர். தினமும் இப்படித்தான் எவனாவது லோன் வேணுமா சார் என்பான். இன்றைக்குமா, பாவிகளா! பையில் போட்டுவிட்டு மறுபடி கிளம்பினேன்.

ஐந்தருவிக்குத் திரும்பும் இடத்தில் தடுப்பு வைத்திருந்தார்கள். வீடியோ இன்றைக்கு எடுத்ததுதான். மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

“என் வீட்டுக்காரி உள்ள இருக்கா சார்.”

“உள்ள யாரும் இல்ல அண்ணாச்சி. எல்லாரையும் வெளியேத்திட்டோம்.”

“எல்லாரையுமா?”

“அப்படித்தான் சொல்லுதாங்க.”

அந்த ‘சொல்லுதாங்க’தான் இடித்தது. தெரியும் என்று அவர் சொல்லவில்லையே. பைக்கை ஓரமாக நிறுத்தினேன். ஈரத் தலையோடு வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். இவள் இல்லை. இவளும் இல்லை. பயம் என்றால் என்ன என்று இத்தனை வயதில் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. பாதி வழியில் போன் எத்தனை தடவை அதிர்ந்தது?

இரண்டு. சரியாக இரண்டு. அதோடு நின்றது.

அந்தத் தெரியாத நம்பரைக் கூப்பிட்டேன். கேரளாவிலிருந்து குளிக்க வந்த ஒரு மனிதர் எடுத்தார். “ஆ, ரண்டு சேச்சிமார் போன் சோதிச்சு. ஒரு ரண்டு ரிங் அடிச்சுத் திரிச்சுத் தந்து. இப்போ ஆட்டோல கேறிப் போயி. பேடிக்கண்டா சாரே” என்றார். இரண்டு அக்காமார் போன் கேட்டார்களாம், இரண்டு ரிங் விட்டுத் திருப்பித் தந்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்களாம், பயப்பட வேண்டாமாம். நடுரோட்டில் நின்று ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்கு வந்தால், செல்வி தலையைத் துவட்டிக்கொண்டிருக்கிறாள். பயம் தீர்ந்ததும் என்ன வரும்? கோபம்தான். அந்த ஆள் போனில் ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று கத்தினேன்.

“அடுத்த ஆளு போன்ல எப்படிங்க பேசுதது? அதான் ரெண்டு ரிங் விட்டேம்லா” என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “முதல்ல என் போன்லதான் மூணு ரிங் விடப் பார்த்தேன். தண்ணி ஏறுது, எல்லாரும் ஓடுதாங்க, போன் போவே மாட்டேங்கு. பயந்துட்டேங்க.”

மூணு ரிங். வந்து கூட்டிப் போங்க.

கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. டேட்டா பேக் கதை முழுவதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து, உள்ளதிலேயே நீண்ட வேலிடிட்டி உள்ள பிளானைப் போட்டேன். உங்கள் வீட்டுக்காரரின் உபயோகம் என்ன, வீட்டுக்காரியின் உபயோகம் என்ன என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவர்களையே கேளுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு தடவை அடித்தும் பாருங்கள்.

இப்போது செல்வி தெருமுனைக்குக் காய் வாங்கப் போனாலும் இரண்டு ரிங் வருகிறது. நான் எடுப்பதில்லை. மூன்றாவது ரிங் வராமல் நிற்கிறவரைக்கும் மூச்சும் விடுவதில்லை.