ரத்தினபாயும் அசரியா அண்ணன் சுதியும்

சேலையூர் கேம்ப் ரோட்டில் இஸ்திரி வண்டி போட்டிருந்த ரத்தினபாய்க்குக் கிதார் ஆசை வந்தது இரண்டாயிரத்து நான்காம் வருஷம். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவளுடைய சபை கூடும் ஜெபவீட்டில் கிதார் வாசித்தவர், வேலை கிடைத்துத் துபாய்க்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வெறும் கைத்தட்டல்தான். சபையில் மூத்தவரான அசரியா அண்ணன் பாட்டை எடுப்பார், சபை பின்னாலேயே போகும். "யாராவது வாசிக்க வாங்களேன்" என்று போதகர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவரும் எழவில்லை. அப்படியானால் கர்த்தர் தன்னைத்தான் கேட்கிறார் என்று ரத்தினபாய் முடிவு செய்துகொண்டாள். நாற்பத்து மூன்று வயது என்பதெல்லாம் அவள் நினைப்பிலேயே இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் வாஜித் பாயின் வாத்தியக் கடைக்குப் போனாள்.

"பையனுக்கா, அக்கா?"

"எனக்குத்தான் பாய்."

வாஜித் ஸ்டூலைத் துடைத்து அவளை உட்காரவைத்தார். முதலில் கொடுத்தது பெரிசு. கையைச் சுற்றிப் போட்டால் தோள் காதுக்கு ஏறியது. அடுத்தது சிவப்பில் பளபளவென்று இருந்தது. கம்பியை அழுத்திப் பார்த்தாள்.

"இன்னா பாய், துணி காயப்போடற கொடி மாதிரி கம்பி தூக்கிக்கினு நிக்குது?"

மூலையில் பழுப்பு நிறத்தில் சின்னதாய் ஒன்று இருந்தது. மடியில் அடங்கியது. கம்பிகள் கட்டையோடு ஒட்டிப் படுத்திருந்தன, தொட்டால் இறங்கின.

"அதுல கீறல் கீதுக்கா."

"கீறலா பாடப்போவுது? இத்தையே குடுங்க."

கற்றுக்கொடுக்கவும் வாஜித்தே ஒத்துக்கொண்டார். புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு விரல் நுனி கொப்பளிக்கும் என்றார். இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தொட்டுப் பார்த்தே மரத்துப்போன விரல்கள் அவளுக்கு, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அழுத்துகிற அழுத்தில் கம்பி இழுபட்டுச் சத்தம் கோணலாய் வந்தது. "சட்டைக் காலர் இல்லக்கா இது, மெதுவா" என்று வாஜித் சிரிப்பார். பல கம்பிகளை ஒன்றாய் அழுத்திப் பிடிப்பதை அவர் கார்டு என்றார், அவள் பிடி என்றாள். மூன்று பிடி வந்ததும் ஒரு துதிப்பாட்டு முழுசாய் வந்துவிட்டது.

"ஏமே, பக்கத்து வூட்டுக்காரன் காலி பண்ணிக்கினு போவப்போறான்" என்று புருஷன் லாசரஸ் கிண்டல் செய்தான். ஆனால் காலால் தாளம் போட்டபடியேதான் சொன்னான்.

அந்த ஞாயிறு நல்ல தைரியத்தோடுதான் போனாள். அசரியா அண்ணன் அதே பாட்டை எடுத்தார். அவள் முதல் பிடியைப் போட்டாள். பாட்டு ஒரு பக்கம் போனது, கிதார் ஒரு பக்கம் போனது. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரத்தினபாய் உள்ளங்கையால் கம்பிகளை மூடி, மிச்சப் பாட்டை வாயால் பாடி முடித்தாள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் தயவாகத்தான் சொன்னார்: "வருத்தப்படாதேம்மா. அடுத்த வாரமும் பார்ப்போம். சரிவரலைன்னா கீபோர்டுக்கு ஆள் வெச்சுக்கலாம்."

மறுநாள் கிதாரோடு கடைக்குப் போய் நின்றாள். "பாய், அசரியா அண்ணன் பாட்டோட ஒட்ட மாட்டேங்குது, இதுல ஏதோ கோளாறு."

வாஜித் மீட்டிப் பார்த்தார். "சுத்தமா கீதுக்கா. உங்க அண்ணன் எந்தச் சுதியில எடுத்தாரு?"

"அவரு எங்க சுதி பார்த்தாரு? தொண்டை நிக்கற எடத்துல எடுப்பாரு."

"அப்போ உங்க சுதிக்கு வரச்சொல்லுங்க."

"வயசானவரு பாய். அவரு தொண்டைய நாம இழுக்கக் கூடாது. பாட்டு எங்க கீதோ, அங்க நாமதான் போவணும்."

வாஜித் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கிளிப்பை எடுத்தார். கேப்போ என்றார். கிதாரின் கழுத்தில் கவ்வவைத்தால் எல்லாக் கம்பியும் சேர்ந்து சுதி ஏறும், பிடி மட்டும் மாறாது. கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு நடுவிலுள்ள கட்டங்களில் ஒவ்வொன்றாய் நகர்த்தினால் சுதியும் ஒவ்வொரு படியாய் ஏறும். அந்த வாரம் முழுவதும் லாசரஸை இஷ்டத்துக்குப் பாடச்சொல்லி, அவன் குரலைத் தேடித் தேடிப் பிடித்துப் பழகினாள்.

ஞாயிற்றுக்கிழமை அசரியா அண்ணனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் எடுத்தார். அவள் ஒற்றைக் கம்பியைக் கட்டம் கட்டமாய் விரலால் அழுத்தி மெல்லச் சுண்டினாள். இரண்டாம் கட்டம், இல்லை. மூன்றாம் கட்டம், கிட்டத்தில் வந்து விலகியது. சபை பாடிக்கொண்டே அவளைப் பார்த்தது. அவள் அவசரப்படவில்லை. நான்காம் கட்டத்தில் கிளிப்பைக் கவ்வவைத்துச் சுண்டினாள், அண்ணன் குரலோடு போய் ஒட்டியது. பல்லவி திரும்பியபோது பெட்டி தேய்த்த கையைக் கம்பிகள் மேல் முழுசாய் இறக்கினாள். ஜெபவீடே நிமிர்ந்தது.

பாட்டு முடிந்ததும் அசரியா அண்ணன் அவள் பக்கம் குனிந்தார். இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் கேட்டதில்லை.

"அடுத்தத எங்க எடுக்கட்டும்மா?"

"உங்களுக்கு எங்க தோதோ அங்க எடுங்கண்ணே" என்றாள் ரத்தினபாய். "நான் வந்துடறேன்."