பட்டறையிலிருந்து வந்த போன்

கிள்ளானில் எங்கள் வீட்டுப் போனை எடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் என் மகன் குமரன் வேகம் கூட்டும் டர்போ மாட்டிய கார் வைத்திருந்தான். அதற்கு ஏற்றபடி பெட்ரோல் அளவைச் சரிசெய்து இன்ஜின் செட்டிங் செய்து கொடுத்தவர் பட்டறைக்கார மணியம். பிறகு குமரன் காஜாங்கில் ஒரு நண்பனிடம் போய்ப் பெரிய டர்போ மாட்டிக்கொண்டான். அதைக் கேள்விப்பட்டு மணியம் போன் செய்தார்.

"ஆன்டி, செட்டிங் திரும்பப் பண்ணணும். அதுவரைக்கும் வேகமா ஓட்ட வேணாம்னு சொல்லுங்க லா."

மறுபடியும் காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மகனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குக் கிளம்பினோம். வேகம் ஏற ஏற இன்ஜினில் கல் உருட்டுகிற மாதிரி சத்தம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மெதுவாப் போடா" என்றேன்.

"பயமா அம்மா?" என்று சிரித்தான்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. வீம்பு விடவில்லை. பங்சார் வருவதற்குள் கார் புகை கக்கி நின்றுவிட்டது.

குமரன் போன் செய்ததும் மணியம் காரை இழுத்துப் போக லோரியோடு வந்தார். "வருஷா வருஷம் செட்டிங் தேவையில்ல தம்பி. ஆனா டர்போவை மாத்தினா கட்டாயம் பண்ணணும். பெரிய டர்போவால இன்ஜினுக்குள்ள காத்து கூடிப்போச்சு, பெட்ரோல் பழைய அளவுலயே போகுது."

பழைய அரிசிக்கு வைக்கிற தண்ணீரைப் புது அரிசிக்கு நான் வைப்பேனா?

"ஒரு போன் போட்டிருக்கலாமே அண்ணே" என்றான் குமரன்.

மணியம் என் முகத்தைப் பார்த்தார். "மறந்துட்டேன் தம்பி."

அந்தப் பொய்யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "போன் வந்துச்சுடா. நான்தான் சொல்லல."

குமரன் எனக்கு லோரியில் ஏற மட்டும் கை கொடுத்தான்.

எனக்கு எழுத்து சரியாக வராது. ஆனாலும் இப்போது போன் பக்கத்தில் பென்சில் வைத்திருக்கிறேன். யார் சொன்னதையும் கோணல்மாணலாக எழுதி வைத்துவிடுகிறேன். அது சரியா தப்பா என்கிற என் நியாயமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.