மதகுப் பலகையும் எங்கள் பாடும்

கோட்டைக்குள் விழுகிற மழைத்தண்ணீர் ஏரிக்குப் போக, கோட்டையை ஆண்ட உலாந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், ஒரு கால்வாய் கட்டினான். அது எங்கள் குப்பத்தை ஒட்டித்தான் ஓடும். ஏரியில் சேரும் இடத்தில் ஒரு மதகு, அதில் ஒரு பலகை. அடைமழையில் பலகையைத் தூக்காவிட்டால் கால்வாய் நிரம்பித் தண்ணீர் எங்கள் வீடுகளுக்குள் வரும்.

ஒருநாள் தமுக்கடித்துச் சொன்னார்கள்: மதகை யாரும் தொடக் கூடாது, தொட்டால் பிரம்படி. திறந்த மதகு வழியாக எவனாவது கோட்டைக்குள் புகுந்துவிடுவானாம். அந்தச் சாக்கடைக்குள் பெருச்சாளியே யோசித்துத்தான் போகும்.

எல்லோரும் போய் முறையிட்டோம். வெள்ளைக்காரனுக்கும் எங்களுக்கும் நடுவே பேசும் கோட்டைத் துபாஷி கேட்டார்: “ஆளாளுக்குத் தூக்குனா யாரைக் கேக்கறது?”

எங்கள் குப்பத்துத் தலைவரான நாட்டார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எங்ககிட்ட பாடு கீதுங்க,” என்றார். ஏரியில் இன்றைக்கு இந்த இடத்தில் இன்ன வீடு வலை போடலாம் என்று முறை வைப்பதுதான் பாடு. ஒருவன் பாட்டில் இன்னொருவன் கை வைக்க மாட்டான். மதகு வாயும் பாட்டில் சேர்ந்ததுதான். பலகையைத் தூக்கினால் நல்ல தண்ணீரைத் தேடி இறால் வரும்.

துபாஷிக்கு மகிழ்ச்சி. மறுபடி தமுக்கு: பாடு உள்ளவன் மட்டும் பலகையைத் தூக்கலாம், மற்றவன் தொட்டால் பிரம்படி. ஜெயித்துவிட்டோம் என்று கூத்தாடிக்கொண்டு வீடு வந்தோம்.

ஐப்பசி மழை பிடித்தது. அன்றைய பாடு மேட்டு வீட்டுக்காரனுக்கு. அவன் வீட்டுக்குள் தண்ணீர் வர வேண்டுமானால் கடலே எழுந்து வர வேண்டும். என் வீடு பள்ளத்தில். உள்ளே என் மகள், பிள்ளை பெற்ற உடம்போடு கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் பச்சைக் குழந்தை. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது.

ஓடினேன். அவன் மதகோரம் வலையோடு குந்தியிருந்தான்.

“அண்ணாத்தே, பலகைய தூக்கு. ஊடு முழுகுது.”

“இரு நைனா, ஏரித்தண்ணி வடியட்டும். இப்போ தூக்குனா ஒரு இறா மாட்டாது.”

“என் பேரன் மெதக்கப் போறான், உனக்கு இறா கேக்குதா?”

“இன்னாத்துக்குக் கத்துற? உன் பாட்டுல நான் வாயத் தொறந்தேனா?”

திறக்கவில்லைதான். காவல் நின்ற சிப்பாயிடம் போனேன். “நீயாவது தூக்கேன்பா.”

“அய்ய, எனக்கா பாடு? நீங்க கேட்டு வாங்குன சட்டம், நீயே மீறச் சொல்றியே!”

அவனைத் தள்ளிவிட்டு நானே பலகையைப் பிடுங்கினேன். தண்ணீர் இரைந்துகொண்டு ஏரிக்குப் போனது. மேட்டு வீட்டுக்காரன் வலையும் கூடவே போனது.

கோட்டை வாசலில் பிரம்படி வாங்கிக்கொண்டு வந்தால், குப்பத்தில் கூட்டம் காத்திருந்தது.

“அதான் கோட்டையில அடிச்சிட்டானே!” என்றேன்.

“அது கோட்டை கணக்கு. பாட்ட மீறுனதுக்கு நாங்க கேக்க வேணாமா?” என்றார் நாட்டார். வரப்போகிற என் பாட்டை மேட்டு வீட்டுக்காரனுக்குக் கொடுத்தார்கள். முதுகும் பின்புறமும் வீங்கி இருந்ததால் என்னை நின்றுகொண்டே தீர்ப்புக் கேட்கவிட்டார்கள். பெரிய மனசு.

அடுத்த மழைக்கு மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு நேரே மேட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டேன். அவன் கத்தினான். அவன் வீட்டுக்குள் யார் வரலாம் என்று இன்னும் யாரும் தமுக்கடிக்கவில்லையே.