பிள்ளைச்சாவடியில் நிற்காத கார்

புதுச்சேரி குருசுக்குப்பத்துக் கன்னியப்பன் தன் ஆயுசில் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் விமானத்தை வைத்து அவர் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

முன்னே அவர் படகுக்காரர். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலிலிருந்து ஆளையும் பெட்டியையும் அலை தாண்டிக் கரை சேர்ப்பது வேலை. பிறகு சீமைக்குப் போகிற ஜனம் கப்பலை விட்டுவிட்டு மெட்ராஸ் மீனம்பாக்கத்தில் போய் விமானம் ஏற ஆரம்பித்தது. கன்னியப்பன் உட்கார்ந்து அழுதாரா? படகை விற்று ஒரு மேடைத் தராசு வாங்கிப் போட்டார். பெட்டியை ஊரிலேயே நிறுத்து, கயிறு கட்டி, சீட்டு ஒட்டி, காரில் ஏற்றிக்கொண்டு போய் மீனம்பாக்கத்தில் விமானக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டியது. இதே வேலையை ஊரில் ஐந்து பேர் செய்தார்கள். ஐந்து பேரையும் சேர்த்துச் சங்கம் வைத்ததும் அவர்தான், சங்கத்துக்காகப் பேசுகிற வாயும் அவர் வாய்தான். அலைச் சத்தத்துக்கு மேலே கூப்பிட்டுப் பழகின வாய், கேட்கவா வேண்டும்!

ஐம்பத்தொன்பதில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதாசி வந்தது. ஆளுக்கு இருபது கிலோதான் அளவு, புதுச்சேரிப் பெட்டியெல்லாம் சரியாக இருபது என்று சீட்டு ஒட்டி வருகிறது, இங்கே நிறுத்தால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று காட்டுகிறது, அடுத்த மாதத்திலிருந்து இந்த வேலையை மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தது. அப்படிக் கொடுத்தால் ஐந்து குடும்பமும் நடுத்தெருவில்தான்.

கன்னியப்பனுக்கு வந்ததே கோபம்! "நேத்து வரைக்கும் வீசையில நிறுத்தவன் மெட்ராஸ்காரன். நமக்குப் பாட்டன் காலத்துலயே கிலோ. அவன் நமக்கு எடை சொல்லிக் குடுக்கறானா?" தராசையே தூக்கிச் சுப்பராயன் காரில் வைத்துக் கட்டினார். சுப்பராயனும் சங்கத்து ஆள்தான், காரும் அவனது, ஓட்டுகிறவனும் அவனே. அன்றைக்குப் பயணம் போகிற ஒருவரையும் அவர் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கத்தில் போய் இறங்கினார்கள்.

அங்கிருந்த அதிகாரி நிதானமான மனுஷர். ஒரே எடைக்கல்லை இரண்டு தராசிலும் வைக்கச் சொன்னார். இரண்டும் ஒன்றுபோலக் காட்டின. கூட வந்தவர் பெட்டியை வைத்தார்கள். காலையில் குருசுக்குப்பத்தில் இருபது காட்டிய பெட்டி இப்போது இருபத்திரண்டரை. திறந்து பார்த்தால் மேலாகவே பனையோலைப் பொட்டலத்தில் நெத்திலிக் கருவாடு! அந்த முடிச்சைப் பார்த்ததுமே கன்னியப்பனுக்கு வியர்த்துவிட்டது. அது அவர் மச்சினி செல்வாம்பாள் போடுகிற முடிச்சு.

செல்வாம்பாள் பிள்ளைச்சாவடியில் ரோட்டோரம் கருவாடு விற்பவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. "போற வழியில ஒரு நிமிஷம் நிறுத்துங்கப்பா, பாவம், அவளுக்கும் நாலு வியாபாரம் ஆவட்டும்" என்று எல்லாக் கார்க்காரர்களிடமும் சொல்லி வைத்தது சாட்சாத் கன்னியப்பனேதான். சீமைக்குப் போகிறவன் கருவாட்டைக் கண்டால் விடுவானா? அன்றைக்கும் கார் அங்கே நின்றிருந்தது; அதிகாரியிடம் கேட்க வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்த கன்னியப்பன் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுப்பராயன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கன்னியப்பனும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டார். "ஐயா, தராசு மேல தப்பு இல்ல. தப்பு என் மேல. வழியில காரை நிறுத்தச் சொன்னவன் நான். அதுக்காக மத்த நாலு பேர் வயித்துல அடிச்சுடாதீங்க. அங்க பெட்டி ஏத்தறப்போ ஆத்தாக்காரி அழுவா, அவளத் தேத்தணும். பிரெஞ்சுல இருக்கற காயிதத்தப் படிச்சுச் சொல்லணும். மெட்ராஸ் கம்பெனிக்காரனுக்கு எங்க ஜனங்களத் தெரியுமா?"

அதிகாரி யோசித்துவிட்டு ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் ஒரு பெட்டி எடை கூடினாலும் எல்லாம் முடிந்தது என்றார்.

"எங்க காரு இனிமே வழியில எங்கயும் நிக்காதுங்க. யாரு போனாலும் சரி" என்று சொல்லிவிட்டு வந்தார் கன்னியப்பன்.

திரும்பும்போது செல்வாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பதறிப்போனாள். "சத்தியமா இனிமே எந்தக் காருக்கும் கருவாடு குடுக்கமாட்டேன் மாமா."

"நீ குடுக்கமாட்டடி, ஒன் கை குடுத்துடும்" என்றார். அவள் முகம் சுண்டிப்போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மகள் சந்திரகலாவும் சீமைக்குப் போகக் காயிதம் வந்துவிட்டது; தவணையின் கடைசி நாளே பயணம். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா வேலை, முன்னாலேயே போய்விட்டான். சந்திரகலாவைத் தூக்கி வளர்த்தவளே செல்வாம்பாள்தான். போனால் திரும்பி வர மூன்று வருஷமோ, நாலு வருஷமோ.

பெட்டி இருபத்திரண்டு காட்டியது. கன்னியப்பன் வற்றலை எடுத்தார், மசாலாத் தூளை எடுத்தார். "ஊரான் பெட்டியப் பிரிக்கற மாதிரி பிரிக்கறீங்களே, பெத்த பொண்ணு" என்று பொருமினாள் மனைவி அஞ்சலாட்சி. சரியாக இருபதில் நிறுத்திக் கயிறு கட்டினார். தானும் காரில் ஏறிக்கொண்டார்.

பிள்ளைச்சாவடியில் செல்வாம்பாள் ரோட்டுக்கே வந்து நின்றிருந்தாள். கையில் ஒரு பனையோலைப் பொட்டலம்.

"அப்பா, சின்னம்மா நிக்கிது. நிறுத்தச் சொல்லுப்பா."

சுப்பராயன் வேகத்தைக் குறைத்துவிட்டுக் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு நிமிஷந்தான அண்ணே, பொண்ணு போவுது."

கன்னியப்பன் அந்தப் பொட்டலத்தைத்தான் பார்த்தார். "நிறுத்தாத. போ."

செல்வாம்பாள் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடிவந்தாள். அப்புறம் நின்றுவிட்டாள். சந்திரகலா மரக்காணம் வரைக்கும் பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மீனம்பாக்கத்தில் பெட்டி இருபது காட்டியது. அந்த மாதம் முழுக்க ஒரு பெட்டிகூட எடை கூடவில்லை என்று அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார், வேலை உங்களுக்கேதான் என்றார். கன்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு அழுதார், விமானம் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்திருந்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பி வரும்போது காரைப் பிள்ளைச்சாவடியில் நிறுத்தச் சொன்னார். செல்வாம்பாள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டி எடை சரியா இருந்துச்சா மாமா?"

"குந்துமணி கூடல. வேலை நமக்கேதான்."

"நல்லதாப் போச்சு" என்று அந்தப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள். "இத அக்காகிட்ட குடுத்துடுங்க. வீணாப் போவானேன்."

முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இரண்டு முழம் மல்லிப்பூ, வெயிலில் வாடிக் கிடந்தது.

"கொழந்த தலையில வெச்சு அனுப்பலாம்னு விடியக்காலம்பர கட்டினேன்" என்றாள். "கருவாடு குடுக்கமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேனே மாமா."

சுப்பராயன் இஞ்சினை அணைத்தான். கன்னியப்பன் பூவைக் கையில் வைத்தபடியே இறங்கி, அவள் கூடைக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.