சேலைக் கரையில் வந்த இந்தி

காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் சேலை விற்றவர் அவர். மெலிந்த உடம்பு, வெற்றிலையில் சிவந்த வாய். வாயைத் திறக்கும் முன் விரித்த துணியை உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிடுவார். பெயரைக் கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்தக் கடைக்குப் புதிதாக வந்திருந்த சேலையின் கரையில், ஒரு கோட்டுக்குக் கீழே கொக்கி கொக்கியாகத் தொங்கும் டிசைன். பார்த்தவர்களுக்கெல்லாம் அது இந்தி எழுத்தாகத் தெரிந்தது. கல்லூரி மாணவர்கள் முப்பது பேர் மண்ணெண்ணெய் டின்னோடு கடைக்குள் புகுந்தோம். முதலாளி பின்பக்கமாக ஓடிவிட்டார்.

"இந்திச் சேலையெல்லாம் வெளிய எடுத்துப் போடுங்க, கொளுத்தணும்!" என்று கத்தினோம்.

அவர் ஒரு சேலையை விரித்து நீவிவிட்டார். "இங்குட்டு வாங்க தம்பி. என்ன எழுதியிருக்குன்னு யாராச்சும் வாசிச்சுக் காட்டுங்க. வாசிச்சுட்டீகன்னா தீப்பெட்டி நானே தாரேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாசித்தால் இந்தி தெரியும் என்று ஆகிவிடுமே! எங்கள் தலைவன் இருமினான். பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியேறினார்கள்.

நான் மட்டும் பின்தங்கி, "அப்ப அது எழுத்தே இல்லையாண்ணே?" என்றேன்.

"எழுத்தா இருந்தா இந்தக் 'க'வுக்கு வால் அந்தப் பக்கமில்ல வளையணும்" என்றார், சேலையை மடித்தபடி.

அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவர் சொன்ன வால் சரிதான் என்று எனக்குத் தெரிந்திருந்ததை நானும் யாரிடமும் சொல்லவில்லை.