ஐயனார் மரத்தில் கட்டிய தவில் தடி

இது நடந்த கதை. வட்டக்கச்சிச் சின்னராசாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். அவருடைய தலை இப்போது பக்கத்தில் இல்லை, அதனால் பயமில்லாமல் செய்வேன். பொய் என்று இதில் ஒன்றுமில்லை. யானையை மட்டும் இரண்டு முழம் உயர்த்தியிருக்கிறேன். சின்ன யானை என்றால் மாங்குளம் ஸ்டேசனடித் தேத்தண்ணிக் கடையில் ஒருத்தரும் இருந்து கேட்கமாட்டார்கள். கதையில் வருகிற வண்டிக்காரர் கச்சு முகம்மதுவும் இங்கேதான் வாங்குப் பலகையில் இருக்கிறார். முடியும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறது.

சின்னராசா பயந்தவர். தன் வயல் வாய்க்காலில் தன்னுடைய நிழல் விழுந்தாலே மண்வெட்டியைத் தூக்குகிறவர். ஆனால் தவிலைத் தோளில் மாட்டினால் வேறு ஆள்.

பங்குனியில் கதிர்ச் சூடு மிதித்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டால், ஆவணி வரை வன்னியில் கோயில் கோயிலாகத் திருவிழா. மேளகாரருக்கு அதுதான் அறுவடை. யாழ்ப்பாணத்து நாதஸ்வரக்காரர் கதிர்காமநாதன் வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றுக்கு வருவார். அங்கே ஒரு நாள் வாசிக்கவிட்டுப் பார்த்துத்தான் மிச்சக் கோயில்களுக்கு இரண்டாம் தவில்காரரைப் பிடிப்பார். அறுபத்திரண்டாம் வருடம் சின்னராசாவை வரச் சொல்லியிருந்தார். வாசிப்புப் பிடித்தால் கோடை முழுவதும் அவரோடு. பிடிக்காவிட்டால் பழையபடி கலியாண வீட்டு மேளம்தான். ஒரு விஷயத்தில் கதிர்காமநாதன் பொல்லாதவர். முன்வருடம் தடி இரவல் கேட்டு வந்த ஒருவனை, தவிலை உறையை விட்டு எடுக்கவே விடாமல் திருப்பி அனுப்பியவர்.

விடியற்காலை மாங்குளத்தில் கச்சு முகம்மதுவின் மாட்டு வண்டியில் சின்னராசா ஏறினார். பின்னால் வெங்காயச் சாக்கு, மடியில் தவில், இடுப்பில் மனைவி நேசமலர் வாங்கித்தந்த கரை போட்ட புதுச் சால்வை. கையில் தவில் தடி. அந்தத் தடியால் வண்டிச் சட்டத்தில் தட்டித் தட்டிப் பாடம் பார்த்துக்கொண்டே வந்தார். காடு இரண்டு பக்கமும் நெருங்கியதும் தட்டு நின்றது. முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் இங்கே கூப்பிடுவது.

"நானா, பாதையிலை ஆனை நிக்குமோ?"

"பேரைச் சொல்லாத, தம்பி. பெரியவர் எண்டு சொல்லு. பேரைச் சொன்னால் ஆரோ கூப்பிடுறாங்கள் எண்டு வந்திடுவார்."

"அப்ப பெரியவர் நிக்கிறவரோ?"

"நேற்று நிண்டவர். முந்தநாளும் நிண்டவர். இண்டைக்கு வாறதாய் எனக்குச் சொல்லி அனுப்பேல்லை."

அதற்குப் பிறகு சின்னராசா மூச்சைக் கூட அளந்துதான் விட்டார்.

ஒட்டுசுட்டானுக்கு இரண்டு கட்டைத் தூரம் இருக்கும்போது ஐயனார் மரம் வரும். போகிற எவரும் இறங்கி, பக்கத்துப் பற்றைச் செடியில் ஒரு இலைக் குழை முறித்து, அந்த மரக் கொப்பில் கட்டிவிட்டுத்தான் போவார்கள். கட்டினால் காட்டில் ஒன்றும் அண்டாது. கச்சு முகம்மது வண்டியை நிறுத்தினார்.

"நான் ஓதிப்போட்டன். இறங்கி உன்ரை வேலையைப் பார்."

சின்னராசா இறங்கிப் பற்றைக்குள் கையை நீட்டினார். உள்ளே ஏதோ சடசடவென்று முறிந்தது. கை திரும்பி வந்துவிட்டது. மறுபடி நீட்ட உயிர் இடம் கொடுக்கவில்லை, கட்டாமல் போகவும் பயம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையில் இருந்ததைக் கொப்பில் வைத்து, இடுப்புச் சால்வையை உருவி மூன்று முடிச்சுப் போட்டு, பாய்ந்து வண்டியில் ஏறினார்.

"ஓட்டுங்கோ, நானா."

ஒட்டுசுட்டானில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நின்றார்கள். நெஞ்சிடி அடங்கட்டும் என்று சின்னராசா வலது கை விரல்களில் கூடுகளை மாட்டித் தவிலைத் தட்டிப் பார்த்தார். இடது கைக்குத் தடியைத் தேடினார். சாக்கில் தேடினார். வைக்கோலில் தேடினார்.

"ஐயோ நானா, நான் குழை கட்டேல்லை. தடியைக் கட்டிப்போட்டன்."

கச்சு முகம்மது சிரித்த சிரிப்பில் மாடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது.

"போய் எடு. மாடு களைச்சுப் போச்சு, நான் வரேலாது."

"ஐயனாருக்குக் கட்டினதை எப்பிடி எடுக்கிறது?"

"அப்ப கதிர்காமநாதனிட்டை வெறுங்கையோடை போ."

இரண்டு பயத்தில் எது பெரியது என்று சின்னராசா நின்று யோசித்தார். கோடை முழுவதும் போய்விடும் என்பதுதான் கொஞ்சம் கனமாக இருந்தது. தன்னை விட்டுவிட்டு வண்டி போய்விடுமோ என்ற மூன்றாவது பயத்தில் தவிலையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

மரத்தடியில் பெரியவர் நின்றார்.

தென்னை உயரம். சரி, வடலிப் பனை உயரம். முதுகை மரத்தில் உரசிக்கொண்டு நின்றார். உரசும்போதெல்லாம் மேலே சால்வையும் தடியும் ஆடின. சின்னராசா ஒரு பாலை மரத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டார். ஓடினால் துரத்தும், நின்றால் மணம் பிடிக்கும். வாய்க்குள் தேவாரம் பாதியில் நின்றது. நேசமலரின் முகம் வந்தது, அதுவும் சால்வை எங்கே என்று கேட்டது. உடம்பெல்லாம் உதறியது. உதறின வலது கையில் கூடு இருந்தது, கைக்குக் கீழே தவில் இருந்தது.

தகதகதகதக.

நிறுத்தப் பார்த்தார். பயம் கூடியது, கை இன்னும் உதறியது, தாள வேகம் இரட்டித்தது. யானை காதை விரித்தது. ஒரு அடி முன்னுக்கு வந்தது. அவர் வாசிப்பு நாலாங் காலத்து வேகத்துக்குப் போய்விட்டது. யானை தலையாட்டித் தாளம் போட்டது என்பது என்னுடைய சொந்தச் சரக்கு. அது திரும்பிக் காட்டுக்குள் போனது உண்மை.

வெகுநேரம் கழித்துத்தான் சின்னராசா மரத்தடிக்கு வந்தார். தடியை உருவினார். சால்வையை எடுக்கக் கை வரவில்லை. அதைக் கொப்பிலேயே சுற்றிக் கட்டினார்.

"ஐயனே, தடிக்கு இது கணக்கு. கோவிக்காதை."

ஒட்டுசுட்டானில் காத்திருந்த வண்டியில் போய், அன்று பின்னேரம் கோயிலில் வாசித்தார். கை இன்னும் அந்த மரத்தடியிலேயே நின்றது. அந்த வேகத்தைக் கேட்டு முதல் தவில்காரர் திரும்பிப் பார்த்தார். முடிந்ததும் கதிர்காமநாதன் கூப்பிட்டார்.

"இடுப்பிலை சால்வை எங்கை, தம்பி?"

"வாற வழியிலை ஐயனாருக்குச் சாத்திப்போட்டன், அண்ணை."

"அதுதானே பார்த்தன். பக்தி இருக்கிற கை. ஆவணி வரைக்கும் என்னோடை வாரும். அடுத்தது தண்ணிமுறிப்பு, பிறகு குமுழமுனை. எல்லாம் காட்டுப் பாதை, வண்டியிலைதான் போகவேணும்."

"ஓம், அண்ணை," என்றார் சின்னராசா. அன்றே ஒரு கட்டுக் குழை முறித்து மடியில் கட்டிக்கொண்டார்.

அவ்வளவுதான். ஆனால் கடைக்காரர் பரமலிங்கம் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"சாமிக்குக் கட்டினதை எடுத்தது பிழை. அதுக்குத்தான் அந்தாள் கோடை முழுக்க நடுங்கினவர்."

"அவர் எங்கை குடுத்தவர்?" கச்சு முகம்மதுவின் வாய் திறந்துவிட்டது. "கண்ணை மூடிக்கொண்டு மாட்டினது குடுத்ததாய் வருமோ?"

"குடுக்கேல்லை எண்டால் சால்வையை ஏன் விட்டவர்?" என்றார் மூலையில் இருந்த வீரகத்தி.

"உன்னிட்டை ஆர் கேட்டது?" என்று கச்சு முகம்மது மூலைப் பக்கம் திரும்பினார்.

"வண்டியைத் திருப்ப மாட்டன் எண்ட மனிசன் நீ. ஐயனாரைப் பற்றி எனக்குச் சொல்ல வாறாய்."

கச்சு முகம்மது வாங்கை விட்டு எழும்பினார். பரமலிங்கம் கிளாசுகளை ஒவ்வொன்றாக உள்ளுக்கு எடுத்து வைக்கத் தொடங்கினார்.